ரெய்னோ லாக்சோ சாப்பிட்ட வீடுகள்

ரெய்னோ லாக்சோ எங்கள் வீட்டில் ஒரே ஒரு முறைதான் சாப்பிட்டிருக்கிறார். சமைத்தவள் நான். அதனால் அவரைப் பற்றி ஊரில் யார் பேசினாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். புகழ்ந்து பேசினால் இன்னும் கூடுதலாக வரும்.

புகழ்ந்துதான் பேசுகிறார்கள். போன மாதம் உள்ளூர்ப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். ஹார்லோ உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தாறு வருடமாக ஒரே வேலை, தலைமைக் கோச் பதவி இரண்டு முறை தேடி வந்தும் வேண்டாம் என்று சொன்ன பணிவு, கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் குணம் என்று அடுக்கிக்கொண்டே போயிருந்தார்கள். கூடவே ஒரு புகைப்படம். அதில் அவர் சிரிக்கிறார் என்று போட்டோக்காரன் நினைத்திருக்கிறான். முப்பது வருடமாக அந்த முகத்துக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள் சொல்கிறேன், அது சிரிப்பே இல்லை.

என் பெயர் நோர்மா பொலேத்தி. பள்ளிச் சமையலறையில் வேலை. எங்கள் பின்கதவைத் திறந்தால் நேர் எதிரே பயிற்சி மைதானம். பகலில் மரவேலையும் இரும்பு வேலையும் சொல்லித்தருகிற ரெய்னோ, கடைசி மணி அடித்ததும் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கே வந்துவிடுவார். இருக்கிற பையன்களில் கனமானவர்கள் எல்லோரும் அவர் பொறுப்பு.

எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன் ஒருவன். அவனுக்கு வழி உண்டாக்குகிறவர்கள் ஐந்து பேர். முன்வரிசை. எதிரே நிற்கிற தடியனின் மார்புக்குக் கீழே புகுந்து, அவனை நின்ற இடத்திலிருந்து பெயர்த்து, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி திறக்க வேண்டும். ஓடுகிறவன் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். இந்த ஐந்து பேரின் பெயர் அவரவர் அம்மாவுக்குத் தெரிந்தால் சரி. தப்புச் செய்தால் மட்டும் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார், மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எந்தப் பையனாவது இதை ஆசைப்பட்டுக் கேட்பானா?

சுரங்கத்தில் கழித்துப்போட்ட இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து ரெய்னோ ஒரு கூண்டு செய்து வைத்திருந்தார். கூரை நாலரை அடி உயரம். அதற்குக் கீழே குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். விசில் அடித்ததும் தலை இடிக்காமல் பாய்ந்து வெளியே வர வேண்டும். நிமிர்ந்தால் ணங்கென்று கேட்கும். செப்டம்பர் மாதம் முழுக்க நாங்கள் பாத்திரம் கழுவுவதே அந்த ணங் சத்தத்தில்தான்.

"டேய், முதல் அடி எவ்ளோ?"

"ஆறு அங்குலம், கோச்!"

"நீ வச்சது?"

"ஆறு, கோச்."

"அது ஆறா? உன் பசிக்கு அளக்காதடா, ஸ்கேலுக்கு அள."

உண்மையிலேயே ஸ்கேல் வைத்திருப்பார், மரவேலை வகுப்பிலிருந்து எடுத்து வந்தது. புல்லில் மண்டியிட்டு அளப்பார். பெரிய அடி வைத்தால் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறாய், ஒற்றைக் காலில் நிற்கிறவனைச் சின்னப் பிள்ளைகூடத் தள்ளிவிடும் என்பார்.

அவர் சொல்லிக் கேட்டதில் இன்னொன்று எனக்கு மறக்கவில்லை. எதிரி ரொம்பப் பெரியவனாக இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து அவனைத் தள்ள வேண்டும். அவன் நகர ஆரம்பித்ததும் இருவரில் ஒருவன் மட்டும் கழன்று, பின்னால் நிற்கிற அடுத்தவனைப் பிடிக்கப் போக வேண்டும். இதைத்தான் மணிக்கணக்காகச் செய்ய வைப்பார்.

"எப்ப கழண்டுக்கணும், கோச்?" என்று ஒருவன் கேட்டான்.

"பக்கத்துல இருக்கிறவன் தனியா சமாளிப்பானா மாட்டானான்னு உன் தோளுக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி விட்டா துரோகம். அதுக்கு அப்புறமும் ஒட்டிக்கிட்டு நின்னா முட்டாள்தனம்."

இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்த மனிதர் தன் விஷயத்தில் என்ன செய்தார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

யாரும் ஆசைப்படாத இடத்துக்குப் பையன்களைச் சேர்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு மே மாதமும், எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிற பையன்களில் இரண்டு மூன்று பேரைப் பார்த்து வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் டை கட்டிக்கொண்டு அந்தப் பையனின் வீட்டுக்குப் போவார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து போட்டதைச் சாப்பிடுவார். பிறகு பையனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொல்வார்: "நாலு வருஷம். இவன் ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் நான் இருப்பேன்."

அவ்வளவுதான். விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் சுரங்கம் ஒரு வருடம் ஓடி மறு வருடம் படுத்துவிடுகிற ஊரில், அப்பாக்கள் பாதிப் பேர் வேலை தேடி வேறு மாநிலத்தில் கிடக்கிற ஊரில், நாலு வருஷம் இருப்பேன் என்று ஒரு ஆம்பிளை வந்து சொன்னால் அது சாதாரண விஷயமா? நாளாக ஆக அது ஊர் வழக்கமே ஆகிவிட்டது. மே மாதம் வந்தால் அம்மாக்கள் ஜன்னல் துடைப்பார்கள். "உங்க வீட்டுக்கு வந்தாச்சா?" என்று கடையில் கேட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக் கறியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார் என்று பீற்றிக்கொள்வார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை அவர் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. ஐந்து பேரும் ஒன்றாகச் சேர்வதில்லை, ஒன்றாக முடிப்பதுமில்லை. ஜூன் மாதம் இரண்டு பேர் பள்ளி முடித்துப் போவார்கள். அதற்கு முந்தின மே மாதமே வேறு இரண்டு வீட்டில் சாப்பிட்டிருப்பார். எந்த வருடத்தை எடுத்துக்கொண்டாலும், வாக்குக் கொடுத்து இன்னும் முடிக்காத பையன்கள் ஆறேழு பேர் இருப்பார்கள். அவர் கிளம்ப முடிகிற நாள் என்று ஒன்று நாட்காட்டியில் கிடையவே கிடையாது. இந்தக் கூண்டையும் தானே பற்றவைத்து, தானே உள்ளே போய் நின்றுகொண்டார்.

அதைக் கண்டுபிடித்தவள் அவர் மனைவி ஐனா. என் கூடவே சமையலறையில் வேலை பார்த்தாள். ரொட்டி அவள் பிரிவு. அவள் ஏலக்காய் ரொட்டி போடுகிற வெள்ளிக்கிழமைகளில் வாத்தியார்கள் எல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். நான் வாயாடி, அவள் பேசவே மாட்டாள். அதனாலேயே பதினைந்து வருடம் ஒத்துப்போயிற்று. நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. குளிர் வந்தால் போச்சு. எங்கள் ஊரில் குளிர் அக்டோபரில் வந்து மே மாதம்தான் போகும். முதலில் ஜாடி மூடிகளை நான் திறந்து கொடுத்தேன். அப்புறம் மாவை நான் பிசைந்து கொடுத்தேன். எண்பத்தைந்தாம் வருடம் பிப்ரவரியில் ரொட்டித் தட்டு அவள் கையிலிருந்து நழுவி, அறுபது ரொட்டியும் தரையில் உருண்டன. அவள் உட்கார்ந்து பொறுக்கக்கூட இல்லை. பொறுக்க விரல் மடங்கவில்லை.

வெயிலும் வறண்ட காற்றும் இருக்கிற இடத்துக்குப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் இந்தக் கை இன்னும் சில வருடத்தில் எதற்கும் உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐனாவின் தங்கை அரிசோனாவில், டூசானில் இருந்தாள். பின்கட்டில் ஒரு சின்ன வீடு காலியாக இருந்தது.

மறுநாள் ஐனா வேலைக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்னடி, அழுதியா?"

"அழுதேன். அப்புறம் ஒரு வழி பண்ணினேன். அவரால கொடுத்த வாக்கை விட முடியாது. சரி, விட வேண்டாம். புதுசா கொடுக்காதேன்னு சொன்னேன்."

"ஒத்துக்கிட்டாரா?"

"இந்த மே மாசம் ரெண்டு வீட்டுக்கு வர்றேன்னு ஏற்கெனவே சொல்லிட்டாராம். அது மட்டும்னார். அந்த ரெண்டு பையனும் எண்பத்தொம்பது ஜூன்ல முடிப்பாங்க. அன்னைக்கு யாருக்கும் எதுவும் பாக்கி இல்ல. கிளம்பிடுவோம்."

"நாலு வருஷம் இந்தக் கையோடவா?"

"யார் யார் பிள்ளைக்காகவோ அவர் நாலு வருஷம் இருக்கார். அவருக்காக நான் காத்திருக்கக் கூடாதா?" என்றாள். அவளைத் தனியாக முன்னால் போ என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. சேர்ந்து போவதென்றால் சேர்ந்துதான்.

எண்பத்தாறு மே மாதம் அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஊர் முதலில் மறதி என்று நினைத்தது. எண்பத்தேழிலும் போகவில்லை என்றதும் பேச்சு ஆரம்பமாயிற்று. பெர்ல் டிரெலோர் என்று ஒருத்தி, மெயின் ரோட்டில் பாஸ்டி கடை வைத்திருக்கிறாள். கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடுகிற அந்தப் பாஸ்டியை ஊரில் அவளைவிட நன்றாகச் செய்ய ஆளில்லை, வாயும் அப்படித்தான். அவள் மூத்த பையன் நல்ல தண்டி. நிச்சயம் வருவார் என்று மூன்று ஞாயிறு மேஜை போட்டு வைத்திருந்தாள்.

"என் பையனுக்கு என்ன குறைச்சல்? காலா ஊனம்? இல்ல என் கை பாஸ்டி இறங்காதா அவருக்கு?" என்று என்னிடமே கேட்டாள். சர்ச்சில் ஐனாவுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ரெய்னோ எல்லோரிடமும் ஒரே பதில்தான் சொன்னார்: "பையனை அனுப்புங்க, எல்லாருக்கும் சொல்லித் தர்ற மாதிரிதான் சொல்லித் தருவேன். வாக்கு மட்டும் கேக்காதீங்க." யாருக்கும் அது புரியவில்லை. மேஜைக்கு வராத கோச்சிடம் எந்தப் பையனும் மனதாரப் போகவில்லை. கூண்டுக்குள் நிற்கிறவர்கள் எண்ணிக்கை குறைந்தது. எண்பத்தெட்டு இலையுதிர்காலத்தில் ஒன்பது ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தோம். அவருடைய சோற்றுத் தட்டுக்கு முன்னால் வந்து அப்பாக்கள் கத்திவிட்டுப் போனார்கள். அவர் குனிந்து சாப்பிட்டார். அவருக்கு உள்ளூர நோகிறது என்பது எனக்குத் தெரியும், ஆனால் ஐனா சிரிக்க ஆரம்பித்திருந்தாள். எண்பத்தொம்பது வசந்தத்தில் அவர்கள் வீட்டை வாங்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். தங்கை வீட்டு வாசலில் எலுமிச்சை மரம் இருக்கிறது என்று ஐனா ஒரு நாளைக்கு நாலு தடவை சொன்னாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வராமல் தப்பிக்க முடியாது.

என் மகன் ஆல்டோ அந்த வருடம் எட்டாம் வகுப்பு. பதினான்கு வயதில் இருநூற்று முப்பது பவுண்டு. பள்ளியில் அவனை உருண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அப்பா நெவாடாவில் தங்கச் சுரங்கத்தில் வேலை என்று இரண்டு வருடம் முன்னால் போனவர். முதலில் வாரம் ஒரு முறை போன் பேசினார், பிறகு மாதம் ஒரு முறை, பிறகு இல்லை. ஆல்டோ பள்ளி விட்டு வந்ததும் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்வான். கதவைத் தட்டினால் "பசிக்கல" என்பான். அந்த உடம்பு பசிக்கவில்லை என்று சொன்னால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பயமாக இருந்தது. வெளியே சொல்லவில்லை, ஆனால் தினமும் பயந்தேன்.

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெய்னோவையும் ஐனாவையும் சாப்பிடக் கூப்பிட்டேன். ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு விருந்து. பதினைந்து வருடத் தோழிக்கு நான் செய்ய வேண்டாமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆல்டோவிடம், "ஞாயித்துக்கிழமை கோச் சாப்பிட வர்றார்" என்றேன். வழியனுப்பு விருந்து என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று பாதிரியாரிடம்கூடச் சொன்னேன். மறக்கவில்லை.

முயல் கறியும், சோளமாவில் கிண்டுகிற பொலெந்தாவும் செய்திருந்தேன். ஐனா கோடைக்கான பூப்போட்ட கவுனைப் போட்டு, மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தாள். "அங்க போனா இந்த ஸ்வெட்டரை எரிச்சிடுவேன்" என்று வேடிக்கை பேசினாள். ரெய்னோ டை கட்டியிருந்தார். பாவம், ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்குப் போவதென்றால் டை கட்டித்தான் அவருக்குப் பழக்கம்.

மாடியிலிருந்து ஆல்டோ இறங்கி வந்தான். தலை குளித்து வகிடெடுத்திருந்தான். அவனும் டை கட்டியிருந்தான். அவன் அப்பாவுடையது, வயிற்றுக்கு மேலேயே முடிந்துபோயிற்று. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அரைத் தட்டு சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டான். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்து ஒரு வருடம் இருக்கும்.

எலுமிச்சை மரத்துக்குப் பூச்சி வருமா என்று ரெய்னோ என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கென்ன தெரியும் எலுமிச்சையைப் பற்றி. அப்போது ஆல்டோ தொண்டையைச் செருமினான்.

"கோச், எனக்கும் நாலு வருஷம்தானா?"

"என்னப்பா?"

"இல்ல... எல்லார் வீட்லயும் நாலு வருஷம்னுதானே சொல்வீங்க. எனக்கும் அதேதானான்னு கேட்டேன்."

நான் வாயைத் திறந்திருக்கலாம். "டேய், அது இல்லடா, அவங்க ஊரை விட்டுப் போறாங்க" என்று ஒரு வரி. ஏழு வார்த்தை. பகல் முழுக்க ஓயாத வாய் இது, அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. ரெய்னோ ஐனாவைப் பார்த்தார். ஐனா அவரைப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

விசில் அடித்தால் பாய்கிற அவருடைய பையன்கள் யோசித்துவிட்டா பாய்கிறார்கள்? ரெய்னோவுக்கும் அப்படித்தான் வாயில் வந்துவிட்டது.

"நாலு வருஷம்," என்றார், வழக்கம்போல என்னைப் பார்த்து. "இவன் ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் நான் இருப்பேன்."

ஐனா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். "முயல் நல்லா இருந்துச்சு, நோர்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கார் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். "ஐனா, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தேன். வேண்டுமென்றுதான் செய்தேன் என்பதால் மேலே பேச வரவில்லை. அவள் கதவைத் திறக்கக் கையை நீட்டினாள், கைப்பிடியை அழுத்த முடியவில்லை. ரெய்னோ வந்து திறந்துவிட்டார்.

ஜூன் மாதம் அவள் மட்டும் போனாள். விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டவர் ரெய்னோதான். "நாலே வருஷம்னேன். சரின்னா" என்று என்னிடம் சொன்னார். அவர் என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. ஒரு தடவை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ இறங்கியிருக்கும். தினமும் தட்டை நீட்டி, "தேங்க்ஸ், நோர்மா" என்று வாங்கிக்கொண்டு போவார். வீட்டில் இருட்டு முன்னறையில் ஆட்டப் படத்தைச் சுவரில் ஓட்டி, முன்னும் பின்னும் நகர்த்தி, எந்தப் பையனின் எந்தக் கால் எங்கே போயிற்று என்று பார்த்துக்கொண்டிருப்பாராம்.

ஆல்டோவுக்கு நல்லதுதான் நடந்தது, அதை நான் மறைக்கமாட்டேன். திரையை விலக்கினான். ணங் ணங் என்று கூண்டில் இடித்துக்கொண்டான். ஒரு வருடம் ஆடினான். இரண்டாம் வருடம் இலையுதிர்காலத்தில் வந்து, "அம்மா, எனக்கு ஆட்டம் பிடிக்கல. பேண்டுல சேர்றேன்" என்றான். அவனைவிடப் பெரிதாக ஒரு பித்தளை ஊதுகுழலைத் தூக்கிக்கொண்டு போனான். எனக்குத் தலை சுற்றியது.

மறுநாள் சாப்பாட்டு வரிசையில் ரெய்னோவைப் பிடித்தேன்.

"ஆல்டோ சொன்னானா?"

"சொன்னான். ஊதுறதையும் கேட்டேன். நல்லா வருது அவனுக்கு."

"அப்ப நீங்க போகலாமே!"

"எங்க?"

"எங்கயா? டூசானுக்குய்யா! உங்க பொண்டாட்டிகிட்ட!"

"ஸ்கூல் முடிக்கிற வரைக்கும்னு சொன்னேன், நோர்மா. ஆடுற வரைக்கும்னு சொல்லல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மசித்த உருளைக்கிழங்கை அவர் கட்டைவிரல் மேலேயே கொட்டிவிட்டேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு "தேங்க்ஸ்" சொல்லிவிட்டுப் போனார். இந்த மாதிரி மனிதரை என்ன செய்வது?

அதற்குள் இன்னொன்றும் ஆகியிருந்தது. பொலேத்தி வீட்டில் சாப்பிட்டாரே, எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று அம்மாக்கள் கேட்க ஆரம்பித்தார்கள். எப்படியும் தொண்ணூற்று மூன்று வரை இருக்கப்போகிறவர்தானே! பெர்ல் டிரெலோர் வீட்டில் இளையவனுக்காகப் போய்ப் பாஸ்டி சாப்பிட்டார். மறு வருடம் இரண்டு வீடு. அதற்கடுத்த வருடம் இரண்டு வீடு. முன்வரிசை மறுபடி தேறியது. ஏழு ஆட்டம் ஜெயித்தோம். ஊருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. ஆல்டோ முடிக்கப்போகிற தொண்ணூற்று மூன்று வசந்தத்தில் கணக்கெடுத்தால், அவரைக் கட்டிப்போட்டிருந்த வீடுகள் ஐந்து.

பூட்டியவள் நான்தான், திறக்கவும் நானே போகிறேன் என்று முடிவு செய்தேன். அந்த வாக்கை விட்டுக்கொடுக்கச் சொல்லி ஐந்து வீட்டுக்கும் நடந்தேன். நாலு வீட்டில் லேசாகவே முடிந்தது. ஐனா என்று சொன்னதுமே அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெர்ல் மட்டும் மாவுக் கையோடு கல்லாவிலிருந்து எழுந்து நின்றாள்.

"அந்த மனுஷன் என் மேஜையில உக்காந்து என் கையால சாப்பிட்டுச் சொன்ன வார்த்தை அது. அதை வேணாம்னு சொல்ல நீ யாரு?"

"அதைத் திருடினவ" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பாதிரியாரிடம் மறைத்ததையும் அவளிடம் சொன்னேன். அவள் மாவை உதறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐனா கை இப்ப எப்படி இருக்கு?"

"தெரியாது. எனக்கு எழுத மாட்டா."

பெர்ல் கையிலிருந்த மாவை உதறினாள். "சரி. போகச் சொல்லு" என்றாள்.

நேராக மரவேலைக் கூடத்துக்குப் போனேன். ரெய்னோ ஒரு நாற்காலிக் காலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலாம், கோச். அஞ்சு வீட்லயும் விட்டுக்கொடுத்துட்டாங்க."

"அஞ்சு வீடுமா?"

"அஞ்சு வீடும்."

"பெர்ல்கூடவா?"

"பெர்ல்கூட."

தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே மரத்தூளில் உட்கார்ந்தார். சிரித்தார். பத்திரிகைப் படத்தில் இல்லாத சிரிப்பு அதுதான். அன்று மாலையே ஐனாவுக்குக் கடிதம் எழுதினார். அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் அவர் வேறு ஆள். சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். வரிசையில் நின்று சீட்டியடித்தார். ஒரு நாள் பின்கதவு வழியாக நானே கேட்டேன், ஒரு பையனிடம், "பரவால்ல விடுடா, ஏழு அங்குலமே இருக்கட்டும்" என்றார். எனக்கும் நாலு வருடத்துக்கு அப்புறம் சரியாகத் தூக்கம் வந்தது.

பதிலை அவர் ஒரு மதியம் தட்டோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "படி" என்றார். கையெழுத்து உருண்டையாக, நடுக்கம் இல்லாமல் இருந்தது. ஐனாவின் எழுத்தை அப்படி நான் பார்த்து எத்தனையோ வருடம்.

'ரெய்னோ, உன்னை விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். என் விரல்கள் இப்போது நன்றாக மடங்குகின்றன. இங்கே ஒரு கடைக்கு வாரம் இரண்டு நாள் ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொடுக்கிறேன். முதல் நாலு வருடம் முழுக்க உனக்காகக் காத்திருந்தேன். இரண்டாவது நாலு வருடத்தில் ஒரு வருடம் காத்திருந்தேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். நிறுத்திய பிறகுதான் எனக்கு இந்த ஊர் கண்ணில் பட்டது. நீ வந்தால், பயிற்சி தொடங்குகிற ஆகஸ்ட் மாதம் உனக்கு விசில் சத்தம் கேட்கும். நான் மறுபடியும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்னொரு முறை என்னால் ஆகாது. கோபம் இல்லை. வராதே.'

வரிசையில் பின்னால் நின்ற பையன்கள் தட்டைத் தட்டினார்கள். "டேய், சும்மா இருங்கடா!" என்று கத்தினேன். அவர்தான் நிதானமாகக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நோர்மா, அந்த அஞ்சு வீட்டுக்கும் நீதானே போனே?"

"ஆமா."

"இன்னொரு தடவை போய்ட்டு வரணும். நான் எங்கயும் போகல, சொன்னபடி இருக்கேன்னு சொல்லிடு."

"என்னால முடியாது. நீயே போய்ச் சொல்லு!" கோபத்தில் நீ என்று வந்துவிட்டது.

"நான் போனா சாப்பிடச் சொல்வாங்க," என்றார் ரெய்னோ. "என்னால இப்ப சாப்பிட முடியாது, நோர்மா."

போனேன். வேறு யார் போவது? ஒரு வீட்டில் பையன் கைதட்டிக் குதித்தான். ஒரு வீட்டில் கேக் வெட்டிக் கொடுத்தார்கள். பெர்ல் டிரெலோர் கல்லாவை விட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வாய்தான்டி போகச் சொல்லிச்சு. ராத்திரியெல்லாம் வேண்டிக்கிட்டேன், அவர் போகக் கூடாதுன்னு" என்றாள். ஐந்து வீட்டிலும் ஒரே சந்தோஷம்.